பாறை மீனின் வயிற்றில் கிடந்த நீலத் துண்டு

போன வருஷம், புரட்டாசி முடிந்து மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும் வாரம். புதுச்சேரிக் கடல் எப்படிக் குப்பையாகிறது என்று என் முதல் ஆவணப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அம்மா வீராம்பட்டினத்திலிருந்து டவுனுக்குக் கூடை தூக்கிப் போய்த் தெருத்தெருவாக மீன் விற்பவர். வேலைக்குப் போகாமல் கேமராவோடு அலைகிறானே என்று வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. எனக்கும்தான். இந்தப் படமாவது நாலு பேர் கண்ணில் பட வேண்டுமே என்று தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன்.

தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம், என் அம்மாவும் மீன் விற்பவர்தான் என்று சொல்லிப் படம் எடுக்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் ஒரு பாறை மீனை அறுத்தபோது வயிற்றுக்குள் பால் பாக்கெட்டின் நீலத் துண்டு கிடந்தது. படத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அவர் முகமும் தெரியும்படி எடுத்து, அன்று மாலையே போனிலிருந்து இணையத்தில் வெளியிட்டேன்.

மூன்றே நாளில் எல்லார் போனிலும் அதுதான். பாராட்டு வந்தபடி இருந்தது. நாலாம் நாள் அம்மாதான் சொன்னார், அந்தப் பெண்ணிடம் யாரும் மீன் வாங்குவதில்லையாம். உடனே நீக்கினேன். அதற்குள் அது யார் யார் கைக்கோ போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்கு ஓடினேன். பக்கத்துக் கடைகளில் கூட்டம். அந்த அக்கா மட்டும் விற்காமல் கிடந்த மீன் மேல் ஐஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"உங்கம்மாவும் மீன் விக்கிறவங்கதான? அந்தக் கூடைய ஏன் தம்பி படம் எடுக்கல?"

பதில் எனக்குத் தெரியும். அம்மாவின் வியாபாரம் கெட்டுவிடும் என்று முதல் நாளே யோசித்துத்தான் தவளக்குப்பத்துக்கு வந்திருந்தேன். அதைச் சொல்லாமலே வீடு திரும்பினேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாள் டவுனுக்குப் போகாமல் கூடையோடு நேராகத் தவளக்குப்பம் வந்தார். அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எடு" என்றார். மீனை அறுத்தபடியே கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"எல்லா மீனும் ஒரே கடல்லதான் வருது. பாக்கெட்ட நாங்களா போட்டோம்? நீங்க போட்டத நாங்க எடுத்துட்டு, கழுவித்தான் குடுக்கறோம்."

அதையும் வெளியிட்டேன். அந்த அக்காவிடம் ஆட்கள் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அம்மாவை இரண்டு தெருக்களில் மீன் வாங்க இன்னும் கூப்பிடுவதில்லை.

இப்போதும் படம் எடுக்கத்தான் போகிறேன். ஆனால் எங்கே போய் நின்றாலும், அந்த அக்கா கேட்ட கேள்விக்கு முதலில் எனக்குள் பதில் சொல்லிக்கொள்ளாமல் கேமராவின் மூடியைக் கழற்ற என் கை வருவதில்லை.