பொதுமக்களின் வேண்டுகோள்

இன்று சாயங்காலம் திருத்தங்கலில் விருதுநகர் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தேன். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி இன்றே கடைசி என்று நோட்டீஸ் வந்திருந்தது. வீட்டுப் பெட்டியில் மடிப்புக் கலையாத வேட்டிகள் கிடக்கின்றன. இருந்தாலும், கடைசி என்கிறார்களே!

எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்றுகொண்டு வந்த அச்சாபீஸ்காரர் ஒருவர் தன் காகிதக் கட்டை என் மடியில் வைத்தார்.

"கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மை இன்னும் காயல."

மடியில் இருப்பதைப் படிக்காமல் இருக்க முடியுமா? அதே கடையின் நோட்டீஸ்தான்.

'பொதுமக்களின் வேண்டுகோளுக்கு இணங்க, ஆடித் தள்ளுபடி மேலும் ஒரு வாரம் நீடிக்கும்.'

"இன்னைக்கு யாவாரமே இன்னும் முடியலையே. பொதுமக்க எப்ப வேண்டுனாக?" என்று கேட்டேன்.

"அது நமக்குத் தெரியாது அண்ணாச்சி. 'இன்றே கடைசி'க்கு ஆர்டர் குடுத்தப்பவே இதையும் சேத்துத்தான் குடுத்தாக."

இறங்கி, அவர் பின்னாலேயே கடைக்குப் போனேன். வாசலில் ஒரே நெரிசல். கடைச் சிப்பந்தி என் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"உள்ள வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு விட்டா கெடைக்காது!"

"நாளைக்கு வந்தா?"

"நாளைக்கு ஏது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அச்சாபீஸ்காரர் அந்தக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அவரை உரசியபடி உள்ளே போனார்.

நான் வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கட்டியிருந்த வேட்டியில் மை மட்டும் மிச்சம்.

நானும் பொதுமக்களில் ஒருவன்தான். யாரிடமும் எதையும் வேண்டிக்கொண்டதாக நினைவில்லை. அப்படியானால் உங்களில் யாரோதான். யாரென்று சொல்லிவிடுங்கள், அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.