இரண்டு 'பிடித்தவை'

வீட்டிலும் தெருவிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: 'இன்னும் ஒண்ணு'. எத்தனை படம் எடுத்தாலும் கேமராவை இறக்கும் முன் அந்த வார்த்தை வாயில் வந்துவிடும். பல் பிடுங்கும் டாக்டருக்கு இந்தப் பழக்கம் வராதது நாம் செய்த புண்ணியம்.

மச்சானின் டைல்ஸ் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் அவர். வேலையை விட்டுக் கேமராவோடு கிளம்பியபோது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கோபித்துக்கொள்ளவில்லை. காலியான நாற்காலியைத் தினமும் துடைத்து வைத்தார், அவ்வளவுதான்.

"மழைக்காலம் முடியட்டும், மாப்பிள்ளை. அதுக்குள்ள காசு குடுத்து யாராவது கூப்பிட்டா சந்தோஷம். இல்லன்னா நாற்காலி எங்கயும் ஓடிடாது."

அன்பாக மிரட்டுகிறவர்களை என்ன செய்ய முடியும்?

காசு கொடுப்பவர்கள் முதலில் படங்களைக் காட்டச் சொல்வார்கள். அதற்குப் பொறுக்கியெடுத்த படங்களின் தொகுப்பாக ஒரு போர்ட்ஃபோலியோ வேண்டும். அங்கேதான் தூக்கம் போனது. துருப்பிடித்த பூட்டு காலையில் உள்ளே வரும், மத்தியானம் வெளியே போகும். ஈரக்குடையின் நிழல் முதலிடத்துக்கு ஏறி, சாயங்காலத்துக்குள் சறுக்கி விழும். பல் தேய்த்துக்கொண்டே இரண்டு படம் மாற்றுவார். வாய் கொப்பளிக்கப் போனவர் பாதியில் திரும்பி வந்து பழையபடி வைப்பார். பூட்டு, கதவு, குடை, மழைத்தண்ணீர். மருந்துக்கும் ஒரு மனித முகம் இல்லை. பூட்டு என்றைக்குமே போட்டோகிராபரைக் கூப்பிட்டதில்லை என்று மனைவி ஒருமுறை சொன்னார். மனைவி சொன்னது கணக்கில் வராது.

ஒருவழியாகத் தேறியவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு 'பிடித்தவை' என்று பெயர் வைத்தார். மனதுக்குப் பிடித்தவை. வேறொரு மூலையில் ஏற்கெனவே ஒரு 'பிடித்தவை' கிடந்தது. அது வீட்டிலும் கடையிலும் சும்மா படம் பிடித்தவை. தமிழ் வளமான மொழிதான். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் பார்த்துவிட்டது.

தையற்கடைக்கார அம்மா மகளின் கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறார் என்று தகவல் வந்தபோது நம்மவர் குளித்துக்கொண்டிருந்தார். 'பிடித்தவை'யை அனுப்பச் சொல்லி உள்ளிருந்தே கத்தினார். மனைவி அனுப்பினார்.

தலை துவட்டி முடிப்பதற்குள் போன்.

"தம்பி, டைல்ஸ் அட்டைப்பெட்டியில சாஞ்சு வாயைப் பொளந்து தூங்குறாரே, அவர் யாரு? அப்படியே எங்க வீட்டுக்காரரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது. எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் ஆளுங்க இப்படித்தான் தெரியணும். நீங்களே வந்துடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா, எந்தப் பிடிச்சதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

கண்டாரா, காணவில்லையா என்பது அந்தத் துணிகளுக்கே வெளிச்சம்.

வேலை கிடைத்துவிட்டது. அது யாருடைய வாயால் கிடைத்தது என்பதைச் சம்பந்தப்பட்ட வாயிடம் சொல்லியாகவேண்டுமே. கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினார். மச்சான் நெடுநேரம் பார்த்தார். கடைவாய்ப் பல்வரை எண்ணலாம் போலிருக்கிறதே என்றார். இதைத் தூக்கிவிட்டு வேறு எடுக்கச் சொல்லி, வயிற்றை எக்கி, வாயை இறுக மூடி, வாக்காளர் அட்டைக்கு நிற்பதுபோல நின்றார். நம்மவர் எடுத்தார்.

"போதுமா, மாப்பிள்ளை?"

"இன்னும் ஒண்ணு, மச்சான்."

மச்சான் உஸ்ஸென்று மூச்சை விட்டு, வயிற்றையும் விட்டு, துடைத்துத் துடைத்துப் பளபளத்த அந்த நாற்காலியில் தொப்பென்று தானே உட்கார்ந்தார்.

க்ளிக்.