செவலையின் முன்னங்கால்

1. எட்டு நாள் கட்டு

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் கால்நடை டாக்டராக இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோட்டைச்சாமி என்ற கிடைக்காரர் செவலை நாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பனவடலிசத்திரம் பக்கம் கரிசலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். நாயைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்கவில்லை என்று நடந்தே வந்திருந்தார். மேஜையில் கிடத்துவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது.

வண்டிச்சக்கரம் ஏறி வலது முன்னங்கால் ஒடிந்திருந்தது. ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் கிடைக்காரர்கள் மூங்கில் சிம்பு வைத்து, நனைத்த பனைநாரால் கட்டுவார்கள். காயக் காய நார் இறுகும். அதனால் சாயங்காலம் ஆட்டை அடைக்கும்போது கட்டைத் தளர்த்திவிடுவார்கள். அதே கட்டைத்தான் இந்த நாய்க்கும் போட்டிருந்தார். தளர்த்தப் போனால் நாய் கடிக்க வந்தது. சரி, கிடக்கட்டும் என்று எட்டு நாள் விட்டுவிட்டார். கட்டுக்குக் கீழே கால் ரத்தம் ஓடாமல் அழுகி, கறுத்துச் சில்லென்று இருந்தது. கேங்கரின்.

"காலை எடுக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"எடுங்க டாக்டரம்மா. ஆனா முட்டுக்குக் கீழ எடுங்க. பாதிக்கால் இருந்தா ஊனிக்கிட்டாவது நிக்கும்லா. இது இல்லன்னா நரி ஒரு குட்டியைக் கூட விட்டு வைக்காது."

அன்றைக்குப் பார்த்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தார் எங்கள் மேலதிகாரியான உதவி இயக்குநர், ஏ.டி. மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது மாட்டாஸ்பத்திரி. தெரு நாய்க்கெல்லாம் மயக்க மருந்தை வீணாக்கக் கூடாது. ஊசியைப் போட்டு முடிச்சு அனுப்பு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரு நாய் இல்ல சார், கிடை நாய். கொல்லச் சொன்னீங்கன்னு எழுதிக் குடுங்க. கேஸ் ஷீட்ல ஒட்டி வச்சுக்கிடுதேன்."

அவர் எழுதித் தரவில்லை. ரிஜிஸ்டரைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார்.

2. நான் செய்த தப்பு

ஏ.டி.யை எதிர்த்துப் பேசுவது சுலபம். கோட்டைச்சாமி கேட்டதை மறுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், அவர் கேட்டதை நான் ஏற்கெனவே ஒரு முறை செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கேங்கரின் பிடித்த ஒரு கறுப்பு நாய்க்கு முன்னங்காலை எடுத்தேன். வீட்டுக்காரர்கள் அழுதார்கள் என்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே நிறுத்தினேன். தையல் நன்றாக ஆறியது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால், பாதிக்கால் இருந்தால் நாய் அதை ஊன்றத்தான் பார்க்கும். தரையில் உரசி உரசித் தோல் பிய்ந்து, எலும்பு வெளியே வந்து, சீழ் பிடித்தது. மறுபடி வெட்ட மேஜையில் போட்டபோது தாங்காமல் செத்துப்போனது. அதைக் கொன்றது கேங்கரின் இல்லை, என் இரக்கம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

3. தோளோடு

"அண்ணாச்சி, பாதியில விட மாட்டேன். தோள்பட்டை எலும்போட எடுத்துருவேன்."

அவர் முகம் செத்துவிட்டது. "முழுசாவா? மூணு காலை வச்சிக்கிட்டு அது எங்கன ஓடும்?"

"மூணு காலுன்னா ஓடும். மூணரைக் காலுன்னாதான் ஓடாது."

நாய்க்கு முன்னங்காலை உடம்போடு பிடித்திருப்பது வெறும் தசைதான். எலும்பு மூட்டு கிடையாது. தோளோடு எடுத்தால் ரம்பமே வேண்டாம், ஊன்றுவதற்கு மிச்சமும் இருக்காது. ஆனால் பெரிய ஆபரேஷன். பெரிய ரத்தக்குழாயைக் கட்டும்போது நூல் நழுவினால், திருப்பி ஏற்ற ரத்தம் கிடையாது. இதையும் அவரிடம் மறைக்கவில்லை.

நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. செய்யுங்க டாக்டரம்மா."

மயக்கத்துக்குத் தயோபென்டோன் போட்டேன். ரத்தக்குழாயை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். தசைகளை ஒவ்வொன்றாக அறுத்து, கேட்கட் நூலால் உள்தையல் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நாலாம் நாள் செவலை தானாக எழுந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் போய் ஒன்றுக்கு இருந்தது. கோட்டைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

4. ஜீப்

ஆறு மாதம் கழித்து, ஆட்டம்மை தடுப்பூசி போட நானும் ஏ.டி.யும் பனவடலிசத்திரம் போனோம். கிடைக்குப் பக்கத்தில் ஜீப் நின்றதும் செவலை பாய்ந்து வந்தது. மூன்று காலில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, ஏ.டி. உட்கார்ந்திருந்த பக்கம் நின்று உறுமியது.

"ஐயா, எறங்காதிய" என்று தூரத்திலிருந்து சத்தம் போட்டார் கோட்டைச்சாமி. "காலுதான் மூணு. பல்லு பூராவும் இருக்கு."

ஏ.டி. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஏம்மா, இது அந்த நாயா?"

"ஆமா சார். அன்னைக்கு எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா இப்பம் தாராளமா எறங்கலாம்."

அந்த வருஷம் என்னைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பும் ரகசியக் குறிப்பில் 'கீழ்ப்படிதல் குறைவு' என்று எழுதினார். எழுதட்டும், உண்மைதானே.

புதிதாக வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெட்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் மனசு ஆறுவதற்காகப் பாதியை விட்டு வைக்காதீர்கள். அந்தப் பாதியை ஊன்றி நிற்கப்போவது நீங்கள் இல்லை.