ஒழுகாத காம்பரா

அந்தக் காம்பராவின் கூரை ஒழுகவில்லை. ஒழுகுகிறது என்று நான் சொன்னது பொய்! இதைப் படிக்கும் உங்களிடம்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். பஞ்ச காலத்தில் செல்லம்மா அக்காவின் புருஷன் செத்துப்போனார். அவளும் நோயில் விழுந்தாள். சின்னஞ்சிறு மகள் ராணியைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்தார்கள். உடம்பு தேறியதும் அக்கா மறுபடி கொழுந்து எடுத்தாள்; தன் தம்பி குடும்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், சாக்குத் திரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். தனி இடம் இருந்தால்தான் பிள்ளையைத் தருவோம் என்றது இல்லம்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோடியில் ஒரு காம்பரா யாரும் குடியில்லாமல் கிடந்தது. தமிழ் தெரியாத சிறுவர் நல அதிகாரி வந்தார். எங்களில் சிங்களம் தெரிந்தவன் நான்தான்.

"இதை இவளுக்குக் கேட்டுத் தோட்டத் துரைக்கு எழுதுகிறேன். பிள்ளை இருக்கத் தகுமா?"

"ஒழுகும், ஐயா. தகாது."

அவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். படித்தவன் சொல் அல்லவா!

"என்னாய்யா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"பாக்கலாம்னு சொல்றாருக்கா."

"நீ பேசுனா நடக்கும்யா. பள்ளிக்கூடத்து வாயில்ல அது!"

ஏன் சொன்னேன்? அந்தக் காம்பராவில்தான் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்... அத்தனை பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளை பொறுக்கட்டும் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். மரத்தடியில் நடத்தியிருக்கக் கூடாதா? 'மாஸ்டர்' என்று நாலு பேர் கூப்பிட வேண்டுமென்ற ஆசைதானே அது!

சில மாதங்களில் எனக்குத் தலவாக்கலையில் வேலை கிடைத்தது. வகுப்பு நின்றது. காம்பராவில் வேறொரு குடும்பம் குடியேறியது.

போன வருடம் அக்கா என்னையும் இல்லத்துக்கு அழைத்துப் போனாள். ராணி வளர்ந்திருந்தாள். சிங்களமே பேசும் அந்த இல்லத்தில் தமிழ் அடியோடு மறந்துபோயிருந்தது.

"நல்லாருக்கியா கண்ணு?"

பிள்ளை தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்: "அம்மா ஏன் என்னைக் கூட்டிப் போகவே இல்லை?"

"என்னாய்யா கேக்குறா?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா..."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எம்மேல எம்புட்டு அக்கறை! வயிறு நெறையச் சாப்பிட்டேன்னு சொல்லுய்யா."

பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.