லூசியாவின் அறையைப் பூட்டக்கூடாது

என் அம்மா லூசியா 2009 மே மாதம் மாத்தளையில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறிய இல்லம். பல்லேபொல பஸ் அதன் வாசலில் நிற்கும். பின்பக்கம் சரிவில் கொக்கோ மரங்கள். அம்மா, காத்தாயி, சுந்தரம்மா மூவருக்கும் ஒரே அறை. நான்காவது கட்டில் காலி.

அங்கே வருவதற்கு முன் அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேறு வேலை அவர் செய்ததில்லை.

நான் தம்புள்ளையில் குளிர் அறைகளைப் பழுதுபார்க்கிறேன். வாடகை அறையில் இருக்கிறேன். எந்த நேரமும் கூப்பிடுவார்கள். அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை.

2008இல் இல்லத்துக்கு ஒரு புதிய விதி வந்தது. அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதவேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எதில் ஆபத்து, அதற்கு என்ன செய்வது என்று டொக்டரும் குடும்பத்தவரும் அந்த மனிதரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவேண்டும். அவர் சம்மதிக்காமல் தூக்க மாத்திரை கொடுக்கக்கூடாது. அறையைப் பூட்டவும் கூடாது. அவருக்கு நிதானம் இல்லை என்று டொக்டர் சொன்னால் மட்டும் குடும்பத்தவரின் சம்மதம் போதும்.

அம்மாவின் முறை வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் சிஸ்டர் மரிய கொறற்றி. டவுனிலிருந்து வந்துபோகும் டொக்டர் நுஹ்மான். அம்மா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கே போனாலும் அப்படித்தான் உட்காருவார்.

"மூணு பிரச்சினை இருக்கு தம்பி," என்றார் சிஸ்டர். "தேத்தண்ணிக்குக் குடுக்கிற சீனிய துணியில முடிஞ்சு ஒளிச்சு வைக்கிறாங்க. குசினிக்குப் போயி எரியிற அடுப்புல தண்ணி ஊத்திடுறாங்க. எங்கயாவது வெடிச் சத்தம் கேட்டா பின்கதவால போயி கொக்கோ மரத்துக்குக் கீழ படுத்துக்கிறாங்க. போன வாரம் சுந்தரம்மாவையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. விழுந்து இடுப்பு முறிஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? ராவுல பூட்டணும். இல்லாட்டி நீங்க கூட்டிட்டுப் போங்க."

டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு சீனி வருத்தம் இருக்கே அம்மா. பிறகு என்னத்துக்கு சீனி?"

"எனக்கில்லங்க. பிள்ளைகளுக்கு."

டொக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. நிதானம் இல்லை என்று அவர் முடிவெடுத்துக்கொண்டிருந்தார். இனி நான் தலையாட்டினால் போதும்.

ஓர் இயந்திரத்தில் மூன்று கோளாறு ஒன்றாக வந்தால் நான் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மூன்றும் எங்கே சேர்கின்றன என்று தேடுவேன். இங்கே தேடவும் தேவையிருக்கவில்லை. அந்தச் சீனித் துணியின் ருசி எனக்குத் தெரியும்.

டொக்டரிடம் சொன்னேன். எழுபத்தேழு ஆகஸ்ட், தமிழருக்கு எதிரான கலவரம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. புகை எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அம்மா ஒவ்வோர் அடுப்பாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளுக்குக் கீழே படுக்கவைத்தார். அழாமலிருக்க, சீனி முடிந்த துணியை நனைத்து ஒவ்வொரு வாயிலும் வைத்தார். என் வாயிலும். ஒருவரும் அழவில்லை. அப்பா வின்சன்டுக்கு அன்று காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா எழுப்பிப் பார்த்தார். அவர் எழும்பவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து கூட்டிப்போகலாம் என்று ஓடினார். திரும்பி வந்தபோது லயத்தின் கூரை எரிந்து இறங்கியிருந்தது.

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார், "தூங்கறதுக்கு ஒரு சின்ன மாத்திரை தரட்டுமா அம்மா?"

"வேணாங்க டொக்டர் ஐயா. மாத்திரை போட்டவங்கள எழுப்ப முடியாதுங்க."

"கதவப் பூட்டினா?"

"பூட்டினா பிள்ளைகள எப்புடிங்க வெளிய கொண்டுபோறது?"

டொக்டர் சிஸ்டரிடம் சொன்னார், "நிதானம் இல்லைன்னு நான் எழுதமாட்டேன் சிஸ்டர். கேட்டதுக்கெல்லாம் இவங்க சரியாத்தான் பதில் சொல்றாங்க."

அன்று எழுதிய திட்டம் சுருக்கமானது. அறையைப் பூட்டக்கூடாது. தூக்க மாத்திரை இல்லை. வெடிச் சத்தம் கேட்டு லூசியா வெளியே போனால் தடுக்காமல் ஒருவர் கூடப் போகவேண்டும். நான் சரிவில் கைபிடிக்கக் குழாய் நட்டேன். கொக்கோ மரங்களுக்குக் கீழே கல் பொறுக்கி, மண்ணைச் சமன் செய்து கொடுத்தேன்.

பெருநாள், கல்யாணம், தேர்தல் என்று எதற்காவது வெடி கொளுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா போனார். மற்ற இருவரும் பழகிவிட்டார்கள். காத்தாயி புலம்பிக்கொண்டே போவாராம். "ஏண்டி லூசியா, சாகப்போற காலத்துல எங்கள ஓடவிடுறியே. என் முட்டிக்கு நீ மருந்து தருவியா?"

"வாய மூடிட்டு வா. பிள்ளைக முழிச்சிரும்," என்பாராம் அம்மா.

பகலில் கலகலப்பாக இருப்பார். இருட்டியதும் காலிக் கட்டிலின் பக்கத்தில் போய் நின்று, "எந்திரிங்க, எந்திரிங்க" என்று மெதுவாகத் தட்டுவார். நானே பார்த்திருக்கிறேன். அதைத் திட்டத்தில் எழுதச் சொல்லவில்லை. அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். விதிப்படி அதையும் எழுதிக்கொண்டார்கள். நான் லீவு போட்டு வந்து கூட இருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன நாள் அது. பொழுது சாய்ந்ததும் டவுன் முழுவதும் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். ரோட்டில் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அம்மா கண்ணைத் திறந்தார். "கொண்டு போ," என்றார்.

"அம்மா, அது பட்டாசும்மா. சண்டை முடிஞ்சிருச்சாம்."

"அன்னைக்கும் முடிஞ்சிருச்சுன்னுதான் சொன்னாங்க. பிள்ளைகளக் கொண்டு போ."

"உங்களையும் தூக்கிட்டுப் போறேன்."

"என்னையத் தூக்கினா அதுகள யாரு தூக்குறது? போடா."

காத்தாயியும் சுந்தரம்மாவும் எழுந்து நின்றார்கள். காத்தாயி அன்று புலம்பவில்லை. சிஸ்டர் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, "நான் இருக்கேன் தம்பி, போயிட்டு வாங்க" என்றார்.

இருவரையும் கைபிடித்துக் கொக்கோ மரங்களுக்குக் கீழே கொண்டுபோனேன். சருகில் உட்கார்ந்தோம். வானம் சிவந்து சிவந்து அணைந்தது. சுந்தரம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அது பட்டாசுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதுகு மண்ணோடு ஒட்டப் படுத்துவிட்டேன்.

வெடி ஓய்ந்தது. நான் எழுந்தேன். காத்தாயி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க தம்பி. அவ கூப்பிடாம எந்திரிக்கக்கூடாது. கூப்பிடுவா. எப்பவும் கூப்பிடுவா."

உட்கார்ந்தேன். மூன்று பேரும் இல்லத்தின் பக்கம் காது கொடுத்தபடி இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் டோர்ச் வெளிச்சம் சரிவில் இறங்கி வந்தது. சிஸ்டர். எங்களை எழும்பச் சொல்லவில்லை. என் பக்கத்தில் சருகில் உட்கார்ந்தார்.

"நீங்க கதவத் தாண்டினதும், 'எல்லாம் போயிட்டாங்களா'ன்னு கேட்டாங்க தம்பி. போயிட்டாங்கன்னேன். கண்ண மூடிக்கிட்டாங்க. தூங்குறாங்கன்னுதான் நெனச்சேன்."

காத்தாயிக்குக் காது மந்தம். அவர் இன்னும் இல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.