பத்தொன்பது பேரும் என் வீட்டுக்காரரும்

ராபர்ட்சன்பேட்டை சர்ச் ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது பேரோடு ஒரே நேரத்தில் செஸ் ஆட ஒத்துக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். காலேஜ் நாளில் மாநில அளவில் ஆடியவள் நான். சபையில் அதை யாரும் மறப்பதில்லை. தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவளுக்குத் தூக்கம் வேண்டும் என்பதுதான் ஒருவருக்கும் தோன்றாது.

மேசைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வெளிப்பக்கம் அவர்கள் உட்கார்ந்திருக்க, உள்ளே நான் சுற்றிச் சுற்றி நடந்து ஆட வேண்டும். நான் எதிரே வந்து நின்ற பிறகுதான் அவர்கள் காயை நகர்த்தலாம். கடைசி நாற்காலியில் என் வீட்டுக்காரர்! அவருக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே சந்தேகம்.

"நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"பேரு குடுத்தேன், சேத்துக்கினாங்க."

நரசாபுரம் ஃபேக்டரியில் அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். நான் கிளம்பிய பிறகு வருவார், திரும்புவதற்குள் போய்விடுவார். எங்களுக்கென்று இருப்பது ஞாயிறு ஒன்றுதான். அதையும் நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மதியம் தாண்டியதும் ஒவ்வொருவராகத் தோற்று எழுந்தார்கள். அவரிடம் ராஜாவும் இரண்டு சிப்பாயும்தான் மிச்சம். அப்படியும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தோத்துட்டேன்னு சொல்லிட்டு எழுந்துக்கோங்களேன். கால் கடுக்குது."

"எழுந்துக்கினா நீ இங்க வந்து நிக்க மாட்டியே."

சொல்லிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசைக்கு நகர்ந்தேன். அங்கே என்ன ஆடினேனோ, அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

கடைசியில் அவர் மட்டும் மிஞ்சினார். இனி நடக்க வேண்டாம் என்று யாரோ எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். எதிரே உட்கார்ந்தேன். அவருக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. ராணியை ஒரு கட்டம் தள்ளினால் ஆட்டம் முடிந்துவிடும்.

"ஆபீஸ்ல மத்தியானம் இன்னா சாப்புடற?" என்று கேட்டார்.

ராணியிடம் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

"பாதி நாளு பிஸ்கெட்டுதாங்க," என்றேன்.