வரட்டி யாவாரத்துக்குக் கருப்பன் வச்ச நேரம்

போன ஆவணி மாசம் எம் பொண்டாட்டி ஒச்சம்மா என்னைய விட்டுட்டுப் போயிட்டா. வீங்குன காலோட நொண்டிக்கிட்டே பஸ் ஏறிப் போனா. சண்டை வேற எதுக்கும் இல்ல, சாணிக்குத்தான். அன்னைக்கு நான் அழுத அழுகை எங்க மாட்டுக்குத் தெரியும், நம்ம கருப்பசாமிக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் சொல்லிப்புடுறேன்.

எல்லாருக்கும் கும்பிடுறேன். நான் வீரணன். ஆனையூருக்கு அங்கிட்டு, வீடு முடிஞ்சு காடு ஆரம்பிக்கிற எடத்துல இருக்கேன். ரெண்டு நாட்டு மாடு வச்சிருக்கேன். ஒன்னு கருப்பு, ஒன்னு செவலை. செவலைக்கு ரோசம் சாஸ்தி. மைக்கு கையில கெடச்சா நான் லேசுல விடமாட்டேன்னு இந்தக் கருப்பன் கோயில்ல பாதிப் பேருக்குத் தெரியும். அன்னதானத்துக்குச் சோறு இன்னும் வடிக்கலைன்னு சொன்னாக, அந்தத் தைரியத்துலதான் பேசுறேன்.

எம் மக பசுமலையில இருக்கா. அவ வீட்டுக்காரரு, எங்க மாப்ள, காலேசு ஆபீசுல வேலை பாக்குறாரு. ஒரு நா எங்க வீட்டுக்கு வந்தவரு, ஒச்சம்மா சுவத்துல தட்டி வச்சிருந்த வரட்டியவே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் என்னமோ சுவரு வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அவரு சொல்றாரு, பெங்களூருல ஹோமம் வளக்க, வீடு பால் காய்ச்ச, எல்லாத்துக்கும் இதைத் தேடி அலையிறாகளாம். ஆன்லைன்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகுமாம். எனக்குச் சிரிப்பு அடங்கல. சாணியத் தேடி ஒருத்தன் அலைவானா? அவரு போட்டோ எடுத்தாரு, எம் போன் நம்பரைப் போட்டாரு. செவலையவும் ஒரு போட்டோ எடுத்தாரு. அது மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.

அன்னைக்கு அடிக்க ஆரம்பிச்ச போனுதான், நிக்கவே இல்ல.

நான் படிக்காதவன். எழுத்துல மெசேசு வந்தா என்ன போட்டிருக்காகன்னு தெரியாது. அதனால மெசேசு போட்டவுகளுக்கே போனைப் போட்டு, "என்னமோ எழுதிருக்கீகளே, என்னது தாயி?"ன்னு கேப்பேன். போனைப் போட்டுட்டு மனுசன்ட்ட மொட்டையா பேச முடியுமா? சாப்டீகளா, எந்த ஊரு, அப்பா அம்மா இருக்காகளா, புள்ளைக எத்தனைன்னு விசாரிக்கணும்ல. அவுகளும் பேசுவாக. பாவம், அந்த ஊருல அவுகள ஆரு விசாரிக்கிறா? பெங்களூருல ஒரு அம்மா, மாமியா கொடுமைய எங்கிட்டத்தான் சொல்லும். கடைசியில ஆர்டரு சொல்ல மறந்துட்டு வச்சிரும். நான் திரும்பக் கூப்புடுவேன்.

மாடு கறக்கையில போனு. பல்லு வெளக்கையில போனு. ஒருத்தர் ஆர்டரு சொன்னா உடனே கட்டி, மொபட்டுல வச்சு கூரியர் ஆபீசுக்கு ஓடுவேன். திரும்பி வந்து மொபட்டை நிறுத்தங்குள்ள அடுத்த ஆர்டரு வந்திரும். திரும்ப ஓடுவேன். அம்புட்டையும் சேத்து ஒரு நடையில கொண்டு போகலாம்னு எனக்குத் தோணவே இல்ல. கேக்குறவுகள காக்க வைக்கிறது மருவாதி இல்லைன்னு நெனச்சேன்.

அவசரத்துல காயாத வரட்டியவும் கட்டி அனுப்பிட்டேன். அது பெங்களூரு போயிச் சேரங்குள்ள அதுல காளான் மொளச்சிருச்சு. வாங்குன மனுசன் போட்டோ எடுத்து அனுப்பி, வரட்டியோட காளான் இலவசமான்னு கேட்டிருக்காரு. நல்ல மனுசன். வேற ஆளா இருந்தா வண்டி வச்சுக்கிட்டு வந்து வாய்க்கு வந்தபடி வஞ்சிருப்பான்.

மாப்ளகிட்ட நேரமே பத்தலைன்னு சொன்னேன். அவரு போனுல என்னத்தையோ ஏத்தி விட்டாரு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மணி அடிக்குமாம். கறக்க ஒரு மணி, கட்ட ஒரு மணி, சாப்புட ஒரு மணி. மொத நாளு கறக்குற மணி செவலையோட காதுகிட்ட அடிச்சிருச்சு. அது பாலை உள்ள இழுத்துக்கிருச்சு, செம்பை ஒதைச்சிருச்சு, என்னையும் ஒதைச்சிருச்சு. அதுலருந்து எந்த மணி அடிச்சாலும் நாங்க ரெண்டு பேரும் நடுங்குவோம். மாப்ளயே வந்து அதை அழிச்சு விட்டாரு.

இப்ப சாணிச் சண்டைக்கு வாரேன்.

அன்னைக்குக் காலையில ஒரு கஸ்டமரு வீடியோவுல வந்தாரு. இது நாட்டு மாட்டுச் சாணிதானான்னு அவருக்குச் சந்தேகம். மாடு போடுறதைக் கண்ணால பாக்கணுங்கிறாரு. செவலைக்குப் பின்னாடி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுக்கு ரோசம்னு சொன்னேன்ல. ஆளு நின்னா போடாது. அவரும் அங்கிட்டு காத்துக்கிட்டு இருக்காரு, நானும் காத்துக்கிட்டு இருக்கேன். அப்ப கொல்லைப்பக்கம் தொம்முனு சத்தம். ஒச்சம்மா ஈரத்துல வழுக்கி விழுந்துட்டா. "இந்தாய்யா, வந்து தூக்கி விடு"ன்னு கூப்புடுறா. நான் திரும்பிக்கூடப் பாக்காம கையக் காட்டி, "இரு, கஸ்டமரு லைன்ல இருக்காக"ன்னேன்.

அப்பப் பாத்து செவலை சாணி போட்டுச்சு. கஸ்டமரு கை தட்டுறாரு. நானும் சிரிக்கிறேன்.

திரும்பிப் பாத்தா, ஒச்சம்மா தானா சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. காலு வீங்கிக் கெடக்கு. வஞ்சிருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். சேலைய மாத்துனா, பையில நாலு துணிய வச்சா. வாசல்ல நின்னு ஒன்னே ஒன்னு சொன்னா:

"நான் எழுமலைக்குப் போறேன். நீ கஸ்டமரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து."

எழுமலையில அவ தம்பி வீடு. நான் போன் போட்டா மச்சினன் எடுத்து, "அக்கா குளிக்குது மச்சான்"ம்பான். எப்பப் போட்டாலும் குளிக்குதும்பான். ஒரு மனுசி அம்புட்டு நேரமா குளிப்பா? எனக்குச் சோறு எறங்கல. யாவாரமும் ஓடல. வரட்டி தட்டுறது அவதான, நான் தட்டுனா அது ஒரு பக்கம் ஆப்பம் மாதிரி, ஒரு பக்கம் இட்லி மாதிரி இருக்கு. இந்த வயசுல பொண்டாட்டி இல்லாத வீடு எப்பிடி இருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. போனுல மட்டும் எல்லாரும் "சாப்டீங்களா ஐயா"ன்னு கேக்குறாக. நான் சாப்டேன்னு பொய் சொல்றேன்.

நம்ம கருப்பன்ட்ட வந்து அழுவோம்னு கெளம்பி வந்தேன். வெள்ளிக்கிழமை உச்சிக்குத்தான் நடை தெறப்பாக, குறி சொல்லுவாகன்னு சின்ன வயசுலருந்தே தெரியும். ஆனா வெள்ளிக்கிழமை எனக்கு ஆர்டரு சாஸ்தி, நேரமில்ல. அதனால செவ்வாக்கிழமை வந்தேன். கதவு பூட்டிக் கெடக்கு. நம்ம பூசாரி அண்ணன், இந்தா இங்கதான் ஒக்காந்திருக்காரு, மரத்தடியில நிலக்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, கதவைத் தெறங்க. எனக்கு அவசரம்."

"சாமிக்கு ஒன்னும் அவசரம் இல்லையே வீரணா. வெள்ளிக்கிழமை வா."

"ஒரே ஒரு வார்த்தைண்ணே. கேட்டுட்டுப் போயிருவேன்."

"நெனச்ச நேரமெல்லாம் தெறந்து போட்டா உள்ள ஆடு வந்து படுத்துக்கும். போயிட்டு வெள்ளிக்கிழமை வா."

எனக்குக் கோவம் வந்திருச்சு. குடும்பம் முறிஞ்சு நிக்கிறேன், இவரு கடலை உரிக்கிறாரேன்னு. பூட்டுன கதவு முன்னாடியே ஒக்காந்துட்டேன். வாய் விட்டே கும்பிட்டேன். "கருப்பா, ஒச்சம்மாவும் வரணும், யாவாரமும் கெடக்கூடாது. நேரம் பத்தல, நாளை இன்னும் கொஞ்சம் நீட்டிக் குடு. ஒனக்குச் சேவல் அறுக்குறேன்"னேன். பதிலுக்கு எம் போனுதான் அடிச்சுச்சு. அதையும் எடுத்து அங்கிட்டு சாப்டாகளான்னு விசாரிச்சேன்.

அந்நேரம் தேனிப் பக்கத்துலருந்து ஒரு காரு வந்துச்சு. புருசன் பொண்டாட்டி, நல்ல வசதியானவுக. அவுகளுக்கும் பூசாரி அண்ணன் அதே பதிலத்தான் சொன்னாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், இப்பச் சண்டை போடுவாகன்னு. போடல. அந்தப் பொம்பளை பூட்டைப் பாத்துக் கும்பிட்டுச்சு. "சரிங்க சாமி, வெள்ளிக்கிழமை வாரோம்"னு சொல்லிட்டு, தேங்கா பழத்தைக்கூட அண்ணன்ட்ட குடுத்துட்டுப் போகுதுக. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துட்டு! கருப்பன் கதவைச் சாத்திட்டான்னு கோவிச்சுக்கிட்டு வேற சாமிக்குப் போகல.

எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சுங்க. ஊரைக் காக்குற கருப்பனே நேரம் வச்சுத்தான் தெறக்குறான். சாணி விக்கிற நான் எந்நேரமும் தெறந்து போட்டிருக்கேன். எனக்குள்ள ஆடு வந்து படுத்துக்கிருச்சு.

அங்கருந்து நேரா பசுமலை. மாப்ள, நம்ம யாவாரத்துக்கும் நடை சாத்தணும்னேன். மொதல்ல அவருக்கு வெளங்கல. அப்புறம் சிரிச்சுக்கிட்டே போனுல ஏத்தி விட்டாரு. ஆரு மெசேசு போட்டாலும், "நடை சாத்தியிருக்கு. காலையில பால் கறந்த பெறகு கொஞ்ச நேரமும், சாயங்காலம் வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியும் தெறக்கும்"னு அதுவே பதில் சொல்லிரும். போன் தூங்குற நேரத்துல மாட்டைப் பாப்பேன், வரட்டியக் காய விடுவேன். சாயங்காலம் எல்லாத்தையும் மொத்தமா கட்டி ஒரே நடையா கூரியருக்குக் கொண்டு போயிருவேன். ஆர்டரு ஒன்னும் கொறையல. அதுக்குப் பெறகு மருவாதிதான் கூடுச்சு. ஒருத்தர் அர்ச்சனைக்கு என்ன செய்யணும்னு கேட்டாரு. நான் இது மாட்டுக் கொட்டமுனு சொன்னேன். அப்பவும் நம்பல.

ஆனா ஒச்சம்மா வரணுமே. வெள்ளிக்கிழமை வந்து நடை தெறக்கையில கருப்பனைக் கும்பிட்டுட்டு, அப்பிடியே எழுமலைக்குப் போனேன். ஒச்சம்மாவுக்குக் காலு வீக்கம் வத்தியிருந்துச்சு. கட்டில்ல ஒக்காந்து மொச்சைக்காய் உரிச்சுக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்துட்டு, மொச்சையவே பாத்தா. நான் போயித் தரையில ஒக்காந்தேன். மாறிட்டேன்னு சொன்னேன். மச்சினன் மூஞ்சியத் திருப்பிச் சிரிக்கிறான். அவ அடுத்த மொச்சைய எடுத்து உரிச்சா.

அப்ப எம் போன் அடிச்சுச்சு. பெங்களூரு அம்மா. மெசேசுக்குத்தான் பதில் போகும், கூப்புட்டா போன் அடிக்கத்தான செய்யும். எங்கை போனுகிட்டப் போகுது. எடுக்கல. நின்னுச்சு. திரும்ப அடிச்சுச்சு. ஒச்சம்மா உரிக்கிறதை விட்டுட்டு என்னையவே பாக்குறா. எடுக்கல. "கருப்பா, கையப் பிடிச்சுக்க"ன்னு உள்ளுக்குள்ள கும்பிடுறேன்.

மூணாந்தரம் அடிக்கையில ஒச்சம்மாவே போனைப் பிடுங்கி எடுத்துப் பேசுனா.

"தாயி, நடை சாத்தியிருக்கு. அவரு எங்கூட இருக்காரு. சாயங்காலம் கூப்புடு."

போனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. எங்கிட்ட, "இந்த மொச்சைய உரி. உரிச்சிட்டுப் போவோம்"னா. அம்புட்டுத்தான். நான் உரிச்சேன். கண்ணீரு விழுந்து மொச்சை வழுக்குது. அவ பாக்காத மாதிரி இருந்தா.

கருப்பனுக்குச் சேவலை அறுத்துட்டேன். அவன் நாளை நீட்டிக் குடுக்கல. இருக்குற நாளுல கதவு எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தான். இப்ப எங்க வீட்டுக்கு ஒச்சம்மாதான் பூசாரி. சாவி, அதான் போனு, அவ முந்தானையிலதான் இருக்கு. என்னைய விட ரொம்பக் கண்டிப்பு. மாப்ளயே தப்பான நேரத்துல கூப்புட்டா அவருக்கும் இதே பதில்தான். பெங்களூரு அம்மா இப்ப மாமியா கதைய அவகிட்டத்தான் சொல்லுது. இவளும் பதிலுக்கு எங்காத்தாளப் பத்திச் சொல்றா. அந்த நேரம் நான் திண்டாடிப் போறேன்.

உங்கள்ல போனை வச்சு யாவாரம் பண்றவுக நெறையப் பேரு இருக்கீக. நேரமே இல்லைன்னு தவிக்கிறீக. எம் பேச்சை நம்பி வாங்க, கருப்பன்ட்டச் சொல்லி அழுங்க. நடை பூட்டியிருந்தா கோவப்படாம பூட்டு முன்னாடி செத்த ஒக்காருங்க. எனக்கு அவன் அங்கனதான் பதில் சொன்னான். இந்தா, ஒச்சம்மா பந்தியிலருந்து கையக் காட்டுறா. எலை போட்டாச்சாம். கஸ்டமரு ஆரா இருந்தாலும் இருக்கட்டும், நான் போறேன்.